வைத்தியலிங்கம் குறித்துக் கொடுத்த நேரம்

அன்றைக்குக் காலையிலேயே இரண்டு சம்பந்திமார் வைத்தியலிங்கத்தின் மேசைக்கு முன்னால் மல்லுக்கு நின்றார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு வியாழக்கிழமை வேண்டும். பிள்ளையைப் பெற்றவர் வெள்ளிக்கிழமையை விட்டு இறங்க மாட்டேன் என்றார். கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ நாள் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, அவளுடைய சினைப்பையிலிருந்து கருமுட்டை எந்தக் கிழமை வெளியே வர வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை சண்டையும்.

"வியாழன் கரிநாள். வெள்ளி அஷ்டமி. ரெண்டும் ஆகாது. அடுத்த மாசம் வாங்க" என்றார் வைத்தியலிங்கம்.

"ஏனுங்க, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுக்கக் கூடாதுங்களா? பரிகாரம் ஏதாச்சும்..."

"பரிகாரம் வேணும்னா கோயிலுக்குப் போங்க. இங்க நேரம்தான் கிடைக்கும்."

இரண்டு பேரும் ஒரே நொடியில் ஒற்றுமையாகி அவரை முறைத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு இது பழகிப்போன கூத்து. ஈரோட்டில் பெருந்துறை சாலையிலிருந்த அந்தக் கருத்தரிப்பு மையத்தில் அவருக்குக் கால ஆலோசகர் என்று பேர் வைத்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, ஏசி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் இளநீர் விற்கிறவர் முதல் உள்ளே நர்சுகள் வரை எல்லோருக்கும் அவர் கறார் ஜோசியர். பஞ்சாங்கம் ஆகாது என்றால் அவருக்கும் ஆகாது. முந்தின வருஷம் ஒரு மந்திரியின் தம்பி வந்து கேட்டும் அவர் ராகு காலத்தை அரை நிமிஷம்கூட நகர்த்தவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் பட்டன் வந்த பிறகு ஆரம்பித்தது. அதற்கு டாக்டர்கள் வைத்த பேர் ஒரு முழம் நீளம். சட்டைப் பொத்தான் அளவில் இருந்ததால் ஜனங்கள் பட்டன் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இடுப்புக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். முட்டை பழுத்தும் வெளியே வராத பெண்களுக்காக நல்ல மனசோடு செய்த சாதனம்தான் அது. தள்ளத் தெரிந்த கருவிக்குப் பிடித்து வைக்கவும் தெரியும் என்று பிற்பாடு எவனோ கண்டுபிடித்தான். நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? பிள்ளை பிறக்கும் நேரத்தைக் கத்தி வைத்துத் திருத்தினது போதாதென்று, முட்டை புறப்படும் நேரம்தான் உயிரின் முதல் நேரம் என்று கிளம்பிவிட்டார்கள். ஆடி மாதத்தில் ஊரிலுள்ள புது மருமகள்களை அம்மா வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம்கூட நின்று போனது. பட்டனை அழுத்தி வைத்தால் போதுமே, எதற்குப் பஸ் செலவு?

வைத்தியலிங்கத்துக்கு அலுத்துப்போயிருந்தது. ஜாதகத்தை அவர் நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார், அதில் குறையொன்றுமில்லை. அலுப்பு அந்த முகங்களைப் பார்த்து வந்தது. நேரம் கேட்டு ஐந்து பேர் பேசுவார்கள், யாருடைய வயிறோ அவள் வெளியே இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. மனைவி மரகதம் போய் நாலு வருஷமாகிறது. ஒரே மகள் தாரணியைக் கோபிச்செட்டிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்கும் பட்டன் வைத்திருந்தது.

சொந்த மகளுக்குத் தானே பார்க்கக் கூடாது என்று அவருக்கொரு கொள்கை. சம்பந்தியம்மா சாந்தாமணி விடவில்லை. "எங்க சம்பந்தியே பார்க்கறாருன்னு சொல்லிக்கறதுல எங்களுக்கு ஒரு கவுரவமுங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்தக் கவுரவம்தான் வினையாகிப் போனது. தாரணி கடக ராசி, அவள் புருஷன் கவின் சிம்மம். ராசி அதிபதிகளான சந்திரனும் சூரியனும் நட்பு என்று பொருத்தம் பார்த்து அவரே சேர்த்து வைத்த ஜாதகங்கள். ஆனால் நிலா ஒரு சுற்று சுற்றி வருகிற நாளும் தாரணியின் உடம்புக்கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அவளுக்கு முட்டை பழுக்கும்போதெல்லாம் நிலா போய்க் கும்பத்தில் உட்கார்ந்துகொள்ளும். கும்பத்தில் நிலா இருந்தால் கடகத்துக்குச் சந்திராஷ்டமம், நல்ல காரியம் எதுவும் கூடாது. அது கழிந்ததும் மீனத்துக்குப் போகும், அது கவினுக்குச் சந்திராஷ்டமம். பட்டன் பிடித்து வைக்கிற அளவுக்கு மேல் நாள் இழுத்துவிடும், முட்டை உள்ளேயே கிடந்து வீணாகும். ஏழெட்டு மாசமாக இதே கதை. மாசா மாசம் அவர் ஆகாது என்று எழுதினார், எழுதிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார்.

சண்டை போட்ட சம்பந்திகள் போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் எழிலரசி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மையத்தில் பட்டன் வைக்கிற பெரிய டாக்டர் அவர்தான். மேசையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "உட்காருங்க ஜோசியரே. உங்க பொண்ணு விஷயம்" என்றார்.

வைத்தியலிங்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "என்னங்க டாக்டரம்மா?"

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று மேலும் கீழும் நன்றாக அலையடித்தது. இன்னொன்று சோம்பலாக, ஏதோ கடமைக்கு அசைந்தது.

"முட்டை பழுத்தா பலூன் மாதிரி தானா வெடிச்சு வெளிய வந்துரும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நாங்களே ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சோம். முட்டை இருக்கற பையைச் சுத்தி மெல்லிசா தசை இருக்குங்க. கை கால் தசை மாதிரி நாம சொன்னதைக் கேக்காது, குடல் அசையுது பாருங்க, அந்த மாதிரி தன் போக்குல சுருங்கி விரியும். சமயம் வந்தா சுருக்கம் வேகமாகும், வேகமாகி பையைப் பிழியும். ஒரு பக்கம் சுவரு மெலிஞ்சிருக்கும், மறுபக்கம் தசை தள்ளும். அப்பத்தான் முட்டை வெளிய வரும்."

"பட்டன் அதைத்தானுங்களே பிடிச்சு வைக்குது?"

"ஆமா. பிழியாதே, பிழியாதேன்னு அடக்கி வைக்குது. அந்தச் சோம்பல் கோடு உங்க பொண்ணோடதுதான். பக்கத்துல இருக்கறதும் அவளோடதுதான், முதல் மாசம் வந்தப்ப எடுத்தது." டாக்டர் பெருமூச்சு விட்டார். "தசை களைச்சுப் போச்சுங்க. பேசப் பேச வாயை மூடு வாயை மூடுன்னா புள்ளைங்க ஒரு நாள் பேச்சையே விட்டுருதுங்களே, அது மாதிரி. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை அடக்கினா, அப்புறம் பட்டன் தள்ளுன்னு சொன்னாலும் தள்ளாது."

"கழட்டிருங்களேன்."

"கழட்டணும்னு நானும் சொன்னேன். அவங்க வீட்டுல மாட்டேங்கறாங்க. பட்டன் இல்லாம நேரம் தப்பிப் பொறந்தா யாரு பொறுப்புன்னு உங்க சம்பந்தி என்கிட்டயே சட்டம் பேசறாரு. நான் என்னத்தைச் சொல்றது? இந்த மாசம் முட்டை நல்லா இருக்கு. பழுத்தாச்சு. நீங்க ஒரு நேரம் மட்டும் குடுத்தீங்கன்னா இன்னைக்கே தள்ளி விட்டுரலாம்."

"இன்னைக்கு நிலா கும்பத்துல இருக்குங்க."

"இருக்கட்டும். நான் நிலாகிட்டப் பேச முடியாது, உங்ககிட்டத்தான் பேச முடியும்" என்றார் டாக்டர்.

வைத்தியலிங்கம் தன் அறைக்குத் திரும்பினார். கதவை உள்ளே தாழ் போட்டார். தாரணி மாசத்துக்கு ஒரு தடவை, சரியாக இந்தச் சமயத்தில், போன் பண்ணுவாள். "அப்பா, இந்த மாசம் எப்படிங்கப்பா?" என்பாள். அவர் தயங்கித் தயங்கி, "இல்லை கண்ணு, இந்த மாசமும் சரியா வரலை" என்பார். அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். "சரிங்கப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். பாவம், அழுகையை அடக்கிக்கொள்கிறாள் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மரகதம் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருப்பாள். இவருக்கு நாளும் கோளும்தான் பேச வரும், பெண்பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

இந்த மாசமும் அவளுக்கு இல்லை என்று சொல்லி, அடுத்த மாசம் அந்தத் தசை ஒரேயடியாக ஓய்ந்து போனால்? தன் பஞ்சாங்கமே மகளை மலடியாக்கிவிட்டது என்று காலம் பூரா நினைத்துக்கொண்டு அவரால் உயிரோடு இருக்க முடியுமா? அவர் மேசைமேல் கவிழ்ந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு எழுந்து முகம் கழுவினார். திரையில் தாரணியின் பேரைத் தொட்டு, அன்று சாயங்காலம் ஒரு நேரத்தைப் போட்டார். நிலா கும்பத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்த நேரம் அது. பக்கத்திலிருந்த கட்டத்தில் 'உத்தமம்' என்று குறித்தார். அழித்தார், மறுபடி குறித்தார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

உடனே சாந்தாமணி போனில் வந்துவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, இன்னைக்கு அம்மணிக்குச் சந்திராஷ்டமம் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆனா குரு பார்வை விழுது. தோஷம் அடிபட்டுப் போகும்."

குரு அப்போது எங்கேயோ ஒரு மூலையில் வக்கிரத்தில் கிடந்தார், கும்பத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க. வேற ஆரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஏ கவினு, சீக்கிரம் வீட்டுக்கு வாடா!" என்று சம்பந்தியம்மா அங்கேயே குரல் கொடுத்தது காதில் விழுந்தது.

போனை வைத்த கையோடு தாரணியின் பேர் திரையில் வந்தது. வைத்தியலிங்கம் எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் புளுகிவிடலாம், இவள் ஜோசியர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், ராசிக் கட்டத்தை மனசிலேயே போட்டுப் பார்ப்பாள். குரு எந்த வீட்டில் என்று ஒரு வார்த்தை கேட்டாளானால் அவர் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்புறமும் அடித்தது. சந்தோஷத்தில் கூப்பிடுகிறாள் என்று அவராக நினைத்துக்கொண்டார். கடைசியில் 'அப்பா பேசணும்' என்று ஒரு செய்தி வந்தது. 'எல்லாம் நல்லபடியா நடக்கும் கண்ணு' என்று பதில் போட்டுவிட்டு, பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் கோபியிலிருந்து மைசூர்பாகு டப்பா வந்தது. அவர் மையம் முழுக்க விநியோகம் பண்ணினார். கறார் ஜோசியர் இனிப்புக் கொடுக்கிறாராம் என்று நர்சுகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் எழிலரசி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பாருங்க, நிலா ஒண்ணும் கோவிச்சுக்கலை" என்றார்.

அடுத்த வாரம் தாரணியே வந்தாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். வாந்தியாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வா கண்ணு, வா. தனியாவா வந்தே?"

"அத்தை கார்ல இருக்காங்க. பிரசவத்துக்கு இப்பவே நேரம் குறிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க." குரலில் உயிரே இல்லை. "குரு எங்கப்பா இருந்தாரு அன்னைக்கு?"

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தசை களைத்துப்போன கதையை, டாக்டர் சொன்னதை, தான் பட்ட பாட்டை எல்லாம் கொட்டினார். "உனக்கோசரம்தான் கண்ணு பொய் சொன்னேன். மாசா மாசம் நீ ஏங்கிக் கேக்கறப்ப என் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?"

அவள் அவரையே பார்த்தாள். "நான் ஏங்கினேனா?"

"பின்னே? மாசம் தவறாம எப்படிங்கப்பான்னு கேப்பியே?"

"ஆகாதுன்னு உங்க வாயால கேட்டாத்தானேப்பா எனக்கு நிம்மதி! அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அந்த வீட்டுல யாரும் என்னை அடிச்சதில்லை, திட்டினதில்லை" என்றாள் தாரணி. "கவின் குடிக்கறதில்லை. வெளிய கேட்டா மகராசி மாதிரி இருக்காங்கறாங்க. என் வயித்துல ஒரு துடிப்பு வந்தா பட்டன் சொல்லி அஞ்சு பேரு போன்ல மணி அடிக்குதுப்பா. சாப்பிட உட்கார்ந்தா மாமா போனைப் பார்த்துட்டு இன்னைக்குத் துடிப்பு கம்மியா இருக்குதே, கீரை போடுங்கறாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வேண்டாம்னு சொன்னா அங்க யார் காதுலயும் விழாது. நாள் நல்லா இல்லைன்னா உடனே விழும். நான் அங்கிருந்து கிளம்பிரணும்னுதான் இருந்தேன். வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், கிடைக்கற வரைக்கும் தள்ளிட்டுப் போலாம்னு பார்த்தேன். என் உடம்பும் அந்த நிலாவும் ஒண்ணாப் போறதைப் பார்த்து, சாமியே எனக்கு வழி விட்ட மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்கு..." என்றார் வைத்தியலிங்கம்.

"அன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன். நீங்க எடுக்கலை. தலைவலின்னு சொல்லிப் பார்த்தேன், அத்தை மாத்திரை குடுத்தாங்க."

அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது, அழுதும் விட்டார். இதற்கு முன் மகள் எதிரில் அவர் அழுதது மரகதத்தைத் தூக்கின அன்றைக்கு மட்டும்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"சொல்லியிருந்தா எனக்காக ஒரு கெட்ட நாளைப் பொய்யா எழுதியிருப்பீங்களா?"

வைத்தியலிங்கம் யோசித்தார். புளுகவும் இனிமேல் தெம்பில்லை. எழுதியிருக்க மாட்டார். புத்தி சொல்லியிருப்பார், சம்பந்தியிடம் போய்ப் பேசுகிறேன் என்றிருப்பார், குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரார் சொல்வதையே அவரும் சொல்லியிருப்பார். "மாட்டேன்" என்றார்.

"தெரியும்ப்பா. அதனாலதான் கேக்கலை. உங்க கறார் ஒண்ணைத்தான் நான் நம்பி இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருந்தேன். உங்களுக்கு எம்மேல இத்தனை பாசம் இருக்கும்னு மட்டும் கணக்குல எடுத்துக்கலை."

கதவை மறுபடி தட்டினார்கள். "யாராயிருந்தாலும் அப்புறம் வாங்க!" என்று கத்தினார் வைத்தியலிங்கம். அந்த அறையில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, தட்டுவது நின்றது.

"இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கே?"

"தெரியலைப்பா. வேணும்னு இன்னும் தோணலை. வேண்டாம்னும் முழுசாச் சொல்ல வரலை. நான் உட்கார்ந்து யோசிக்கணும். அந்த வீட்டுல உட்கார்ந்து என்னால யோசிக்க முடியாது." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு ஒண்ணு எழுதிக் குடுப்பீங்களா?"

"சொல்லு."

"வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆகாது, பொண்ணு பொறந்த வீட்டுலதான் இருக்கணும்னு. அந்த வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு. பட்டனை இப்பவே எடுத்துரணும்னும் சேர்த்து எழுதுங்க. நீங்க எழுதினா அத்தை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

அவர் திரையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். கிரகங்களெல்லாம் அதனதன் வீட்டில் இருந்தன, எதுவும் அவர் எழுதப்போவதற்கு ஒத்து வரவில்லை. அவர் சனியை எடுத்து எட்டில் போட்டார். கேதுவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

"எந்தத் தேதியிலிருந்து?"

"இன்னைக்கிருந்து."

"சரி. எதுவரைக்கும்னு போடட்டும் கண்ணு? பிரசவம் வரைக்குமா, அதுக்கப்புறம் ஒரு மூணு மாசமா?"

தாரணி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் எழுதியதை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தாள்.

"தொடங்கற தேதி மட்டும் போடுங்கப்பா" என்றாள்.